உப்பு தங்கும், மழை எழும்



ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. பெரும்பகுதி நாம் சோற்றில் போடும் உப்பு. கைப்பைத் தருவது மெக்னீசியம். மழை அரித்த பாறைகளிலிருந்து ஆறுகள் யுகயுகமாய்ச் சுமந்து வந்து சேர்த்தவை பல. அதைக் குடித்தால் தாகம் கூடும், தணியாது. வெயில் ஏறும்போதோ உப்பு கீழே தங்க, நீர் மட்டும் மேலெழுந்து நன்னீர் மழையாய் இறங்குகிறது.

2004 டிசம்பர் 26-இல் உறவுகளைக் கடலுக்குக் கொடுத்த குடும்பங்கள் நம் கரையெங்கும் உண்டு. அவர்களிடம் ‘மறந்துவிடுங்கள்’ என்று நாம் சொல்ல வேண்டாம். உப்பு போய்விடாது. அந்த உப்புநீரிலிருந்தே இறைவன் மழையை எழுப்புகிறார். இந்த வாரம் அப்படியொரு வீட்டில் அமைதியாய் உடன் அமர்வோம். இறந்தவர் பெயரைச் சொல்லிச் செபிப்போம். ஆமென்.