பாதியில் நின்ற போர்வை
(பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் பிரசவ வார்டு நர்ஸ் ஒருவர் ஆற்றிய உரை)



ஆம்பூர் ஷூ கம்பெனியில் பகலெல்லாம் தோல் தைக்கும் ஓர் அம்மா, மகளின் தலைப்பிரசவத்துக்காகப் போர்வை தைக்கத் தொடங்கினார். பழைய பருத்திச் சேலைகளைக் கட்டங்கட்டமாக வெட்டி, இராத்திரியில் கைத்தையல். முதல் வாரம் இரண்டு வரிசை. அடுத்த வாரம் ஓவர்டைம், ஊசியைத் தொடவில்லை. மூன்றாம் வாரம் பாதி முடிந்திருந்தபோது, எட்டாம் மாதத்திலேயே மகளுக்கு வலி கண்டுவிட்டது.

குழந்தை 1,700 கிராம். 2,500 கிராமுக்குக் கீழே என்றாலே எடைக்குறைவுதான். பாதங்கள் சில்லிட்டிருந்தன. "இதில் சுற்றுங்கள் சிஸ்டர்" என்று பாட்டி போர்வையை நீட்டினார். போர்வை சூட்டைக் காக்கும், கொடுக்காது. இந்தச் சிசுவிடமோ காக்கச் சூடே இல்லை.

ஆகவே துடைத்து, தொப்பி மாட்டி, தாயின் வெறும் மார்பில் படுக்கவைத்தோம். கங்காரு முறை என்பார்கள். 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத ஆஸ்பத்திரியில் தொடங்கியது. இருவருக்கும் மேலே பாதிப் போர்வை. தாயின் தோள் மூடவில்லை.

நாலாம் வாரம் பாட்டி வார்டிலேயே உட்கார்ந்து மீதியைத் தைத்தார். கர்த்தர் கிருபையால் எடை ஏறத் தொடங்கியது.

போர்வை அனுப்பும் சங்கத்தார், தாயையும் சேர்த்து மூடும் அளவில் தைத்து அனுப்புங்கள். துவைத்துத் துவைத்து மெத்தென்றான பருத்தியே நல்லது. பாலியெஸ்டரும் ஜரிகையும் வேண்டாம்.