தனித்திருப்போரும் தொலைபேசியும்

(பங்கின் பொன்விழாப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



விழா மேடையில் ஆபத்தைப் பற்றிப் பேசுவது சிலருக்குப் பொருத்தமாகத் தோன்றாமல் இருக்கலாம். ஆனால் பிள்ளைகள் வெளியூரில் பிழைக்கப் போய்விட, வயதான தாய் தகப்பன் மட்டும் வீட்டைக் காத்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் நம் பங்கில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். அநேகமாக எல்லா வீட்டிலும் ஒரு கைப்பேசி இருக்கிறது. நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் எந்த எண்ணை அழுத்துவது என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1935 நவம்பரில் லண்டன் மாநகரின் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பிடித்து ஐந்து பெண்கள் மாண்டார்கள். அண்டை வீட்டார் ஒருவர் உடனே தொலைபேசியை எடுத்திருந்தார். ஆனால் இணைப்பகப் பணியாளர் எடுத்துக் கொடுத்தால்தான் அழைப்பு மறுமுனைக்குப் போய்ச் சேரும். தீ எரிய எரிய அவருடைய அழைப்பு மற்ற அழைப்புகளோடு வரிசையில் காத்துக் கிடந்தது. மனம் கொதித்து அவர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அதையொட்டி நடந்த விசாரணையின் பயனாக, 1937 ஜூன் மாதம் 999 என்ற எண் பிறந்தது. அதைச் சுழற்றினால் இணைப்பகத்தில் சிவப்பு விளக்கு எரியும், மணி அலறும். மற்றதை விட்டுவிட்டு அதை முதலில் எடுப்பார்கள். நம் தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 அதன் பேரப்பிள்ளை என்று சொல்லலாம்.

108-ஐ அழைக்கிறவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். அழைப்பை எடுப்பவர் நம் ஊர்க்காரர் அல்லர், சென்னையில் இருக்கிறார். "கோயில் பக்கத்துத் தெரு, சீக்கிரம் வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டால் அவர் எந்தக் கோயிலைத் தேடுவார்? மாவட்டம், வட்டம், ஊர், வண்டி நிற்கக்கூடிய அடையாளமான இடம், இவற்றைச் சொல்லுங்கள். அவர் கேட்டு முடிக்கும்வரை இணைப்பைத் துண்டிக்க வேண்டாம். முடிந்தால் ஒருவர் தெருமுனையில் போய் நிற்கட்டும்.

எண்களைத் தேடி அழுத்தக் கை நடுங்குவோருக்கும் ஒரு வழி இருக்கிறது. அண்மைக் காலத்தில் விற்பனைக்கு வந்த பொத்தான் கைப்பேசிகளில் 5 அல்லது 9 என்ற பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்தால், நாடு முழுவதற்குமான 112 என்ற அவசர எண்ணுக்கு அழைப்புப் போகும். தொடுதிரைக் கைப்பேசியானால், ஓரத்திலுள்ள பவர் பொத்தானை மூன்று முறை வேகமாக அழுத்த வேண்டும். உங்கள் கைப்பேசியில் இவ்வசதி உண்டா என்று விவரம் தெரிந்த பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விளையாட்டாக அழுத்திப் பார்க்கும் பேரப்பிள்ளைகளிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்!

தீயும் நெஞ்சுவலியும் வெளியே தெரியும் ஆபத்துகள். தெரியாத ஆபத்தும் உண்டு. இங்கிலாந்தில் சாட் வாரா என்ற ஆங்கிலிக்கன் குருவானவர் இளம் வயதில் ஒரு சிறுமியின் அடக்கச் சடங்கை நடத்த நேர்ந்தது. பூப்பெய்தியதைக் கொடிய நோய் என்று பயந்து, கேட்டுத் தெளிய ஆளில்லாமல், தன் உயிரை மாய்த்துக்கொண்ட சிறுமி அவள். அவர் அதை மறக்கவில்லை. 1953 நவம்பரில் லண்டனில் தம் ஆலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்து, சாக நினைப்பவர்கள் அழைக்கலாம் என்று அறிவித்தார். நேரிலும் பலர் வந்தார்கள். அவர்கள் காத்திருக்கையில் தேநீர் கொடுக்கவும் பேச்சுத்துணைக்கும் சில தொண்டர்களை அமர்த்தினார். வந்தவர்களில் பலர் தொண்டரிடமே மனதைக் கொட்டிவிட்டு, குருவானவரைப் பார்க்காமலே ஆறுதலாகத் திரும்பிப் போனார்கள். அடுத்த ஆண்டே கேட்கும் பொறுப்பை அவர் அந்தத் தொண்டர்களிடம் ஒப்படைத்துவிட்டார். அதுதான் சமாரிட்டன்ஸ் அமைப்பு. சென்னையில் 1986 முதல் சினேகா என்ற அமைப்பு இதே தொண்டைச் செய்து வருகிறது. அரசின் 14416 என்ற மனநல எண் 2022 முதல் இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம்.

முதியோருக்கு 14567, பெண்களுக்கு 181, சிறுவர்களுக்கு 1098. இந்தக் கடைசி எண் 1996-ல் மும்பையில் தெருவோரச் சிறுவர்களுக்காகத் தொடங்கியது. பத்து, ஒன்பது, எட்டு என்று எழுத்தறியாத பிள்ளையும் நினைவில் வைக்கலாம்.

எண்களுக்குக் குறைவில்லை. என் கவலை வேறு. மகன் சோறு போடாவிட்டாலும் நம் தாய்மார்கள் 14567-ஐ அழைக்க மாட்டார்கள். "என் பிள்ளை பேரு கெட்டுப்போகும்" என்பார்கள். அடிபடும் மருமகளும் வீட்டு விஷயம் வெளியே போகக்கூடாது என்று வாய் திறக்க மாட்டாள். எந்தக் கருவி இந்த வெட்கத்தை நீக்கும்? வாரந்தோறும் வீடு சந்திக்கப் போகும் வின்சென்ட் தே பவுல் சபையாரிடமும், மரியாயின் சேனைச் சகோதரிகளிடமும்தான் அந்தத் தாய் பேசுவாள். அதுவும், உதவித்தொகையைக் கொடுத்தவுடன் எழுந்துவிடாமல் அரைமணி உட்கார்ந்தால். அவள் சம்மதித்தால், நீங்களே எண்ணை அழுத்தி, கைப்பேசியை அவள் கையில் கொடுத்து, பேசி முடிக்கும்வரை அருகில் இருங்கள். சம்மதிக்காவிட்டால் வற்புறுத்தாமல் அடுத்த வாரமும் போங்கள்.

இந்த எண்களையெல்லாம் கண்ணாடி போடாமலே படிக்கும்படி பெரிய எழுத்தில் அட்டைகளில் எழுதி, வாசல் பக்கத்து மேசையில் வைத்திருக்கிறோம். வீட்டுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு வர இயலாத அடுத்த வீட்டுப் பெரியவருக்கும் ஒன்று எடுத்துப் போய், அவர் படுக்கும் கட்டிலிலிருந்து பார்த்தால் தெரிகிற சுவரில் நீங்களே ஒட்டிக் கொடுங்கள்.