பழைய ரசீதும் புதிய நிதியும்

(தாம்பரத்தில் கூடிய நம் சங்கத்தின் வருஷாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



ஒரு சங்கத்தினிடத்தில் அதன் அங்கத்தினர்க்கு நம்பிக்கை உண்டாவதும், உண்டானது நிலைப்பதும் எவ்வாறு என்னும் விஷயத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி நிர்வாக சபையார் எம்மைக் கேட்டுக்கொண்டார்கள். அச்சபையில் யாமும் அமர்ந்திருக்கின்றோமாதலால், வழக்கில் பிரதிவாதியாய் நிற்பவனையே தீர்ப்பும் எழுதச் சொன்னதுபோல் இருக்கின்றது. ஆகையால் முதற்கண் எம்முடைய குறையைச் சொல்லிவிட்டுப் பிறகு ஊர்க்கதை பேசுவதே முறை.

சில வருஷங்களுக்கு முன், வெளியூர்களிலிருந்து இப்பக்கத்துக் கல்லூரிகளுக்குப் படிக்க வரும் நம்மவர் பிள்ளைகளுக்கு ஒரு விடுதி கட்டுவதென்று சங்கம் தீர்மானித்து நன்கொடை திரட்டிற்று. கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் தாம்பரத்துக்கு வந்த நாள்தொட்டு இவ்வூர் படிப்புக்கு வருகிற ஊராய் இருப்பதை யாவரும் அறிவீர்கள்; ஆகவே விடுதி வேண்டும் என்பதில் அபிப்பிராய பேதம் இருக்கவில்லை. கொடுத்தவர்கள் மனமுவந்து கொடுத்தார்கள். விடுதியோ எழும்பவில்லை. அப்பணத்தை ஒருவரும் விழுங்கிவிடவில்லை என்பதைச் சத்தியமாகச் சொல்லுவோம். மண்டபத்துக் கூரை ஒழுகியபோது ஒரு பகுதி அதற்குப் போயிற்று. நலிந்த குடும்பங்கள் சிலவற்றின் கலியாணச் செலவுக்கு ஒரு பகுதி போயிற்று. மிச்சம் பொதுக் கணக்கிலே கலந்துவிட்டது. யாவும் நல்ல காரியங்களே. ஆயினும் விடுதிக்கென்று வாங்கியது விடுதிக்குச் சேரவில்லை.

இவ்வருஷம் வித்தியா நிதிக்காக யாம் வீடு வீடாகச் சென்றோம். எல்லா வீட்டிலும் காப்பி கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. 'அடுத்த மாதம் பார்ப்போம்' என்னும் மரியாதையான வார்த்தையையே குரோம்பேட்டை முதல் பெருங்களத்தூர் வரையில் கேட்டு வந்தோம். சேலையூரில் வயதான ஓர் அம்மையார் மட்டும் அவ்வாறு சொல்லவில்லை. உள்ளே சென்று, துணிப்பைக்குள் மடித்து வைத்திருந்த பழைய விடுதி நன்கொடை ரசீதை எடுத்துவந்து எம் முன்னே வைத்தார். 'தம்பி, முதலில் இந்தச் சீட்டுக்குப் பதில் சொல்லுங்கள். பிறகு அந்தப் புத்தகத்திலே புதுச் சீட்டுக் கிழிக்கலாம்' என்றார். யாம் மூவர் போயிருந்தோம். மூவருக்கும் வாய் எழவில்லை. அவ்வம்மையாருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இன்று இச்சபையில் சொல்ல முயலுகின்றோம்.

இதற்கு வெகுதூரம் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. மின்சார ரயிலில் பரங்கிமலை நிலையத்தில் இறங்கினால் ஆலந்தூர். அங்கே நடந்த காரியத்தைப் பிற்காலத்தில் அயல்நாட்டாரும் வந்து பார்த்து எழுதிப் போனார்கள். நாமோ அதே தண்டவாளத்தில் தினந்தோறும் போய் வந்தும் அதை மறந்துவிட்டோம்.

1990-களில் ஆலந்தூர் நகராட்சியின் நிலை நம் பக்கத்து ஊர்களின் நிலையே. சாக்கடைக் குழாய் கிடையாது. வீட்டுக்கு வீடு கழிவுநீர்த் தொட்டி. தொட்டி நிரம்பினால் லாரிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். லாரி வருமுன் தொட்டி வழிந்து வாய்க்காலில் ஓடும். கொசுவுக்கோ குறைவே இல்லை. அக்காலத்தில் நகர்மன்றத் தலைவராயிருந்த ஆர். எஸ். பாரதி அவர்களும் நகர்மன்றத்தாரும் பாதாளச் சாக்கடை அமைக்க முற்பட்டார்கள். செலவோ 30 கோடி ரூபாய்க்கு மேல். அரசாங்க மானியத்தை மட்டும் நம்பினால் அது தலைமுறை கடந்த காரியம். ஆகையால் கடன் வாங்குவதென்றும், வீட்டுக்காரர் ஒவ்வொருவரிடமும் முன்பணம் பெறுவதென்றும் முடிவு செய்தார்கள். வீடுகளுக்கு 5,000 ரூபாய். வியாபார ஸ்தலங்களுக்கு 10,000 ரூபாய். இணைப்புக் கிடைத்த பின் வீட்டுக்கு மாதம் 150 ரூபாய் வேறு.

இதில் உள்ள துணிச்சலைச் சற்றுச் சிந்தியுங்கள். ஒரு குழாயும் பூமியில் இறங்கவில்லை. கேட்பதோ நகராட்சி! சாலையைத் தோண்டினால் மூடாது, விளக்கு அணைந்தால் மாற்றாது என்று ஜனங்கள் எந்த ஊரிலும் ஏசுகின்ற அதே நகராட்சி. கொடுப்பவர்களோ கழிவுநீர்த் தொட்டிக்கென்று முன்னமே ஒருதரம் செலவழித்தவர்கள். அந்நாளில் 5,000 ரூபாய் நடுத்தரக் குடும்பத்துக்கு இலேசான தொகையன்று. அப்படியிருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலை தொடங்குமுன்பே பணம் கட்டின. 2000-ல் வேலை தொடங்கிற்று. ஏறத்தாழ 120 கிலோமீட்டர் நீளத்துக்குக் குழாய் பதிக்கப்பட்டது. 2003-ல் கழிவுநீர் பெருங்குடிச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகலாயிற்று.

ஜனங்கள் ஏன் கொடுத்தார்கள்? தலைவரும் நகர்மன்றத்தாரும் தெருத்தெருவாய்ச் சென்று பேசினார்கள் என்பது உண்மை. குடியிருப்போர் சங்கங்கள் முன்னின்று உழைத்தன என்பதும் உண்மை. ஆனால் பேச்சுக்கு மயங்கி 5,000 ரூபாய் கொடுக்கும் ஜாதியார் எவரும் இந்நாட்டில் இல்லை! எம் அபிப்பிராயத்தில் காரியத்தைச் சாதித்தது வேறொன்று. வாங்கிய முன்பணத்தை நகராட்சி தன் பொதுக் கணக்கிலே சேர்க்கவில்லை. வங்கியிலே தனிக் கணக்கொன்றில் போட்டு, சாக்கடைத் திட்டத்துக்கன்றி வேறொன்றுக்கும் தொடலாகாது என்று வைத்தது. சம்பளம் கொடுக்கப் பணம் இல்லையென்றாலும் அதில் கை வைக்க வழியில்லை. கேட்பதற்கு முன்னே தன் கையைத் தானே கட்டிக்கொண்டு, கட்டிய கையை ஊராருக்குக் காட்டிற்று.

இன்னொன்றையும் கவனியுங்கள். மாதம் 150 ரூபாய் என்பதைப் பணம் வாங்கும்போதே சொன்னார்கள். கசப்பான செய்தியைப் பின்னுக்குத் தள்ளி, இனிப்பை மட்டும் முன்னே நீட்டும் வழக்கம் நம் சங்கங்களில் அதிகம் உண்டு, எம்மிடத்திலும் உண்டு. சுத்திகரிப்பு நிலையத்தைக் கட்டி நடத்தும் கம்பெனிக்கும், சுத்தம் செய்த கழிவுநீரின் அளவுக்குத் தக்கவாறு பணம் என்று ஒப்பந்தம் செய்தார்கள். ஆக, ஊரார் நகராட்சியை அளக்கலாம். நகராட்சி கம்பெனியை அளக்கலாம். அளக்க முடியாத இடத்தில் மனிதன் வெகுநாள் நம்பிக்கொண்டிருக்க மாட்டான். திருவள்ளுவரும் ஒருவரை நம்புவதைத் தனியே வைத்துப் பேசவில்லை. 'தெரிந்துதெளிதல்' என்று ஆராய்ச்சியோடு சேர்த்தே அதிகாரத்துக்குப் பெயரிட்டார் அல்லவா?

இதற்கு நேர் எதிரான கதையும் சென்னையிலேயே உண்டு. அர்பத்நாட் கம்பெனி என்னும் வெள்ளைக்கார வணிக நிலையம் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பெயருடையது. ஜமீன்தார்களும் உத்தியோகஸ்தர்களும் பென்ஷன்காரர்களும் விதவைகளும் தங்கள் சேமிப்பை அங்கே போட்டு வைத்தார்கள். கட்டடம் பெரிது, துரை பெரியவர், பெயர் பழையது என்பதே அவர்கள் கண்ட ஆதாரம். கணக்கைக் கண்டவர் ஒருவரும் இல்லை. உள்ளே பணம் இலண்டனில் இருந்த கூட்டாளி நடத்திய சூதாட்டம் போன்ற வியாபாரங்களில் கரைந்துகொண்டிருந்தது. 1906-ம் வருஷம் அக்டோபர் மாதம் 22-ந் தேதி கம்பெனி கதவை மூடிற்று. எத்தனையோ குடும்பங்கள் ஒரே நாளில் ஏழைகளாயின. ஸர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறை சென்றார். அதனால் பணம் போட்டவர்க்குப் பணம் வந்துவிடவில்லை.

ஆச்சரியம் யாதெனில், அந்தப் புண் ஆறுமுன்பே, 1907-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 15-ந் தேதி, அதே சென்னையில் இந்தியன் பாங்க் திறக்கப்பட்டது. வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முன்னின்றார்கள். நகரத்தார் பெருமக்களும் பங்கெடுத்தார்கள். துரையின் வீட்டுக் கம்பெனியாக இல்லாமல், பங்குதாரர்கள் கூடிக் கணக்குக் கேட்கக்கூடிய சுதேச ஸ்தாபனமாக அது அமைந்தது. ஒரு வருஷத்துக்குள் ஜனங்கள் மறுபடியும் ஒரு பாங்கிலே பணம் போட்டார்கள்! ஏமாந்தவன் இனி ஒருநாளும் நம்பமாட்டான் என்று எம் சபையிலே சிலர் பெருமூச்சு விடுகிறார்கள். அவர்களுக்காகவே இதைச் சொன்னோம்.

நம்பிக்கையைப் பெறுவதைவிட வைத்துக்கொள்வது கடினம். ஆலந்தூர் நகராட்சி இப்போது இல்லை. 2011-ல் அது சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. அந்தக் குழாய்களின் பொறுப்பும் சென்னைக் குடிநீர் வாரியத்துக்குப் போயிற்று. வாக்குக் கொடுத்த சபை மறைந்தது. வாக்கு மட்டும் பூமிக்கடியில் குழாயாய்க் கிடக்கின்றது. தாம்பரமும் பல்லாவரமும் அக்கம்பக்கத்துப் பேரூராட்சிகளும் ஒன்றாகி 2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆனபோதும், அவ்வவ்வூரார் செய்த ஏற்பாடுகளெல்லாம் புதிய கைக்கு மாறின. அப்படிக் கை மாறும் போதெல்லாம் 'அது முன்பிருந்தவர்கள் காலத்து விஷயம்' என்னும் வார்த்தை நாவின் நுனிக்கு வருவது இயல்பு. சேலையூர் அம்மையார் வீட்டுத் திண்ணையில் எமக்கும் அவ்வார்த்தையே வந்தது. விடுதிக்குப் பணம் வாங்கிய சபை வேறு, யாம் வேறு என்று சொல்லலாம். ஆனால் ரசீதில் ஆள் பெயர் இல்லை. சங்கத்தின் முத்திரை இருக்கின்றது. இன்று யாம் கிழிக்கும் ரசீதிலும் அதே முத்திரைதான்.

நிர்வாக சபையில் இதைப் பேசியபோது பெரியவர் ஒருவர், 'உறவுக்குள்ளே கணக்கா? ஒரு குலத்தார் ஒருவரையொருவர் சந்தேகிப்பதா?' என்று வருந்தினார். அவர்மீது எமக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆயினும், பங்காளிகளுக்குள் வரப்பில் கல் நாட்டுவது சந்தேகத்தினால் அல்லவே! கல் இருக்கிற வரப்பில் அண்ணன் தம்பி சண்டை குறைவு. உறவினர் ஆகையால் வாய்விட்டுக் கேட்கக் கூசுகிறார்கள், கேட்காமலே விலகிப்போகிறார்கள். அந்நியனாய் இருந்தால் வழக்காவது போடுவான்.

ஆகவே நிர்வாக சபையார் இன்று உங்கள் முன் வைக்கும் ஏற்பாட்டைச் சொல்லி முடிக்கின்றோம். வித்தியா நிதிக்கு இன்று யாம் ஒரு ரூபாயும் கேட்கவில்லை. முதலில், பழைய விடுதிக்குக் கொடுத்தவர்களுடைய ஜாபிதா முழுவதையும், எவ்வளவு வந்தது, எந்தெந்தக் காரியத்துக்குப் போயிற்று என்னும் விவரத்தோடு அடுத்த மாத சஞ்சிகையில் வெளியிடுவோம். தம் பணத்தைத் திரும்பப் பெற விரும்புகிறவர்களுக்கு மண்டபத்து வாடகை வருமானத்திலிருந்து தவணையாய்த் திருப்பிக் கொடுக்கப்படும். வித்தியா நிதிக்கு மாற்ற விரும்புகிறவர்கள் கையெழுத்திட்டுத் தெரிவிக்கலாம். பேசாதிருப்பவர்களைச் சம்மதித்தவர்களாக யாம் எண்ண மாட்டோம். அதன்பின் வித்தியா நிதிக்கு வங்கியில் தனிக் கணக்குத் திறக்கப்படும். காரியதரிசியும் பொக்கிஷதாரரும் மட்டும் கையெழுத்திட்டால் பணம் வராது. நிர்வாக சபையில் இல்லாத அங்கத்தினர் ஒருவரும், இக்கூட்டம் தேர்ந்தெடுப்பவர், கூடக் கையெழுத்திட வேண்டும். அந்த ஒருவர் தாய்மார்களுள் ஒருவராய் இருந்தால் நலம் என்பது எம்முடைய சொந்த அபிப்பிராயம். யாரை மனத்தில் வைத்துச் சொல்லுகின்றோம் என்பது உங்களுக்கு விளங்கியிருக்கும். அவர் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கின்றார்.

பழைய கணக்குப் புத்தகங்கள் மேடைக்கு இடப்புறத்து மேசையில் வைக்கப்பட்டுள்ளன. சில பக்கங்களில் கூட்டல் பிசகியிருக்கின்றது; திருத்தாமல் அப்படியே வைத்திருக்கின்றோம். சாப்பாட்டுக்குப் பிறகு நான்கு மணி வரையில் பொக்கிஷதாரர் அங்கேயே இருப்பார். ரசீது கொண்டு வந்திருப்பவர்கள் முதலில் வரலாம்.