பழைய மரச்சாமான்களும் பளபளப்பு வர்ணமும்
(நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



நம் முன்னோர் தேடிவைத்த தேக்கு அலமாரிகளும் நாற்காலிகளும், வர்ணம் மங்கிய ஒரே குற்றத்திற்காக, பழஞ்சாமான் வியாபாரியின் வண்டியில் அற்ப விலைக்கு ஏறிவிடுகின்றன. அவற்றிற்குப் பதிலாக நாம் வாங்கும் மரத்தூள் பலகைச் சாமான்களோ, நீர் பட்டால் ஊதிப் பிளக்கின்றன. மரம் திடமாயிருக்க, மேற்பூச்சு கெட்டதற்காகப் பிதிரார்ஜிதத்தை இழப்பது விவேகமாகுமா? அவற்றை வீட்டிலேயே மிளிரச் செய்யும் முறையைச் சிறிது கூறுவோம்.

முதற்கண் ஓர் எச்சரிக்கை. பழைய வர்ணங்களில் ஈய வெள்ளை, ஈயச் செந்தூரம் முதலியன கலப்பது வழக்கமாயிருந்தது. வீட்டு வர்ணத்தில் ஈயம் பத்து லக்ஷத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் விதி இந்தியாவில் 2016-ல் இயற்றப்பட்டு, 2017 நவம்பரில் அமுலுக்கு வந்தது. அதற்கு முற்பட்ட பூச்சில் ஈயமுண்டென்றே கொள்க. அதை உலர்ந்தபடி தேய்த்தால் எழும் தூள், மூச்சிலும் குழந்தைகளின் விரல்வழி வாயிலும் சென்று, அவர்தம் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். நெருப்பால் பொசுக்குதலும் ஆகாது. முகமூடி அணிந்து, நீர் தோய்த்தே தேய்த்து, சேற்றை ஈரத்துணியால் துடைத்தெடுத்தல் வேண்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அவ்விடத்தை அணுகலாகாது.

இனி முறையைக் கேளுங்கள். பிடி, கீல் முதலியவற்றைக் கழற்றிவிட்டு, சோப்பு நீரால் எண்ணெய்ப்பிசுக்கைப் போக்கி உலர்த்துக. பழைய பூச்சு நீங்கியபின், 120 எண் உப்புத்தாளாலும் பின் 180 எண் தாளாலும் மரத்தின் நார் ஓடும் வழியே தேய்க்க. தேக்கு இயல்பாகவே எண்ணெய்ப்பசையுள்ளதாதலின், டர்பன்டைன் தோய்ந்த துணியால் ஒருமுறை துடைத்தல் நலம். பிரைமர் ஒரு பூச்சுக் கொடுத்து, பள்ளங்களுக்குப் பட்டி இட்டு, காய்ந்தபின் தேய்த்து, பட்டியிட்ட இடங்களில் மீண்டும் பிரைமர் இடுக. பளபளப்புப் பூச்சு கண்ணாடிபோல் ஒளியைத் திருப்புவதால், மறைந்திருந்த சிறு கீறலையும் அது காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே உழைப்பில் பெரும்பங்கு வர்ணம் தொடுவதற்கு முன்னரே செலவாக வேண்டும்.

எனாமலை மெல்லிய பூச்சாகவே இடுக. ஓர் இரவேனும் காயவிட்டு, 400 எண் வாட்டர் பேப்பரால் இலேசாகத் தேய்த்துத் துடைத்து, அடுத்த பூச்சு இடுக. இரண்டு அல்லது மூன்று பூச்சுப் போதும். கடைசிப் பூச்சைத் தேய்த்தலாகாது.

இவ்வுண்மைகளை யாம் நஷ்டப்பட்டே அறிந்தோம். எம் பாட்டனார் அலமாரிக்கு, ஐப்பசி அடைமழையில், அவசரப்பட்டு ஒரே தடித்த பூச்சாக இட்டோம். எனாமல் காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்றே இறுகுவது. மேலே ஆடை படர்ந்து, அடியில் ஈரம் நின்று, முழுவதும் சுருங்கிப்போயிற்று. மழையின் ஈரத்தால் எஞ்சிய பளபளப்பும் மங்கிற்று. அத்தனையையும் சுரண்டி, மாசி மாதத்தில் மீண்டும் தொடங்கி முடித்தோம். இன்று அதன் கதவில் எம் பேரக்குழந்தைகள் தம் முகம் பார்க்கின்றனர்.

கைவேலை செய்தல் கௌரவக் குறைவென்று எண்ணுவோர் இன்னும் நம்மிடையே உளர். ஒரு நாற்காலியின் நான்கு கால்களைத் தாமே தேய்த்துப் பார்ப்பாராயின், அவ்வெண்ணம் ஒழியும். வர்ணம் பூசும் தொழிலாளியிடம் கூலிக்குப் பேரம் பேசவும் நா எழாது. நம் வாலிபர்கள் வரும் கோடை விடுமுறையில் வீட்டிற்கு ஒரு சாமானையாவது இவ்வாறு மீட்டுத் தருவார்களென்று நம்புகிறோம்.