265 கிலோமீட்டரும் நாலரை மணி நேரமும்

(சேலத்தில் நடந்த மக்கள் சேவை விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செல்போனை எடுத்து, சேலத்துக்கும் சென்னைக்கும் விமான தூரம் எவ்வளவு என்று தேடிப் பாருங்க. 265 கிலோமீட்டர் அளவில் ஓர் எண் வரும். பறக்கும் நேரம் அரை மணிச் சொச்சம் என்றும் சில தளங்கள் காட்டும். அதை நம்பி, சென்னையில் டாக்டரைப் பார்க்க நேரம் குறித்துவிட்டு அப்புறம் டிக்கெட் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சிக்கல் அங்கேதான்.

அந்த 265 என்பது கமலாபுரத்திலிருந்து மீனம்பாக்கம் வரை இழுத்த நேர்கோடு. சாலையில் போனால் சுமார் 340. விமானமும் அந்தக் கோட்டிலேயே போகாது. ஏறும்போதும், சென்னையில் வரிசைக்குக் காத்து இறங்கும்போதும் கொஞ்சம் சுற்றும். அதோடு, சேலத்தின் ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர்தான். இங்கே வருவது மணிக்கு 500 கிலோமீட்டர் போகும் ஏடிஆர் ரகம். பெரிய ஜெட் வேகத்தால் வகுத்துச் சொல்லும் தளத்துக்கு இது எங்கே தெரியப் போகுது?

டிக்கெட்டில் உள்ள நேரம் ஒரு மணியை ஒட்டி இருக்கும். அதுதான் சரியான எண். ஆனால் அது விமானம் இங்கே நகர்வது முதல் அங்கே போய் நிற்பது வரை மட்டும். உங்க வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுங்க. ஊருக்குள்ளிருந்து கமலாபுரத்துக்கு முக்கால் மணி. கவுன்டர் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும் என்பதால் ஒன்றரை மணி முன்னதாகப் போகணும். இறங்கிப் பெட்டி வாங்க அரை மணி. மெட்ரோவில் சென்ட்ரல் பக்கம் போக முக்கால் மணி. எல்லாம் சேர்த்தால் நாலரை மணி நேரம். வந்தே பாரத் ரயிலில் சேலத்தில் ஏறினால் நாலு மணி நேரத்துக்குள் சென்ட்ரல்!

விமானமே வேண்டாம்னு சொல்லல. கிண்டி, தாம்பரம் பக்கம் வேலை என்றால் கணக்கு மாறும். தூத்துக்குடிக்காரர்களுக்கு முழுக்கவே மாறும். வாகைக்குளத்திலிருந்து சென்னைக்கு வான்வழி 525 கிலோமீட்டர் போல. முன்பின் செலவாகும் நேரம் அதேதான். ரயிலிலோ ஓர் இரவு முழுக்கப் போகும்.

சேலத்துக்கு 2023 அக்டோபரில்தான் மறுபடி விமானம் வந்தது. சேவைகள் குறைவு. ஒன்று ரத்தானால், அடுத்தது உங்க பரீட்சை முடிந்தபிறகு வரலாம். தவறவிடக்கூடாத வேலைக்கு முதல் நாளே கிளம்புங்க.

ஆதாரை டிஜிலாக்கரில் முன்னாடியே இறக்கி வச்சுக்குங்க. வாசலில் நின்று ஓடிபிக்குக் காத்திருந்தால் பின்னால் இருப்பவர் முறைப்பார். ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். முதலில் விமான நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்க. பதில் இல்லையென்றால், டிக்கெட் எண்ணோடு ஏர்சேவா செயலியில் புகார் பதியுங்க.