இன்புளுயன்ஸ் என்றால் என்ன?

(ஒரு கிராமப் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் பற்றியதாகும். நோட்டீசைப் பார்த்துவிட்டு, "சாமி இல்லை, பூதம் இல்லை என்று பேசித் திரிந்தவர்கள் இப்போது இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வைக்க வந்துவிட்டார்களா?" என்று இவ்வூர்ப் பெரியவர் ஒருவர் கேட்டதாகக் கேள்விப்பட்டோம். அவரும் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். நமக்குச் சந்தோஷமே. ஆனால் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் யோக்கியதை நமக்குக் கிடையாது. எட்டாவது வகுப்போடு படிப்பை விட்டவர்கள் நாம். அதற்குமேல் தெரிந்துகொண்டதெல்லாம் ஒரு பழைய அகராதியையும், நாலு சிநேகிதர்களையும் வைத்துக்கொண்டுதான். ஆனாலும் இந்த ஒரு வார்த்தையைப் பற்றி மட்டும் பேசியே தீர வேண்டிய அவசியம் போன மாதம் ஏற்பட்டது.

ஒரு விவசாயி தம் மகனை அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் உள்ளவர். பையன் பட்டப்படிப்பு முடித்துச் சர்க்கார் உத்தியோகத்துக்குப் பரீட்சை எழுதியிருக்கிறான். முடிவு இன்னும் வரவில்லை. "ஐயா, உங்களுக்கு நாலு பெரிய மனிதர்களைத் தெரியும். மேலே ஏதாவது இன்புளுயன்ஸ் இருந்தால் சொல்லி வையுங்கள்" என்றார். நமக்கு அப்படி ஒன்றும் கிடையாது, இருந்தாலும் செய்யமாட்டோம் என்றோம். அவர் போகாமல் நின்றார். மெதுவாக விசாரித்ததில் சங்கதி வெளியே வந்தது. ஒரு ஜோசியர் பையனுக்கு ஏழரைச் சனி நடக்கிறது என்று சொல்லி, பரிகாரத்துக்கென்று 6,000 ரூபாய் வாங்கியிருக்கிறார். அடுத்த வாரமே ஒரு தரகர், "மேலே நமக்கு இன்புளுயன்ஸ் இருக்கிறது, 2 லட்சத்தில் முடித்துவிடலாம்" என்று சொல்லி, முன்பணமாக 50,000 ரூபாய் வாங்கியிருக்கிறார். அந்த ஐம்பதாயிரமும் வீட்டு அம்மாளின் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்த பணம்.

அன்றிரவு அகராதியை எடுத்துப் பார்த்தோம். பார்த்தால், இந்த மனிதர் ஒரே மாதத்தில் ஒரே சரக்கை இரண்டு கடைகளில் வாங்கியிருக்கிறார் என்பது தெரிந்தது!

எப்படியென்றால், இன்புளுயன்ஸ் என்ற வார்த்தை லத்தீன் பாஷையிலிருந்து வந்தது. "உள்ளே பாய்தல்" என்பது அதன் நேரான பொருள். வாய்க்காலில் தண்ணீர் பாய்வதுபோல. எது, எதற்குள் பாய்கிறது என்று கேட்பீர்கள். ஆகாயத்திலுள்ள நக்ஷத்திரங்களிலிருந்தும் கிரகங்களிலிருந்தும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சத்து ஒழுகி, பூமியிலுள்ள மனிதனுக்குள் பாய்ந்து, அவனுடைய குணத்தையும் விதியையும் நிர்ணயிக்கிறது என்பதாக அக்காலத்து ஐரோப்பியர் நம்பினார்கள். அந்தப் பாய்ச்சலுக்கு வைத்த பெயர்தான் இன்புளுயன்ஸ். சுமார் 600 வருஷங்களுக்கு முன்பு இங்கிலீஷில் அவ்வார்த்தை வழங்க ஆரம்பித்தபோது அதற்கு இந்த ஜோசியப் பொருள்தான். ஒரு மனிதன் இன்னொரு மனிதனைத் தன் இஷ்டத்துக்கு வளைப்பது என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது. ஆகவே ஏழரைச் சனியும் இன்புளுயன்ஸ்தான், தரகர் விற்றதும் இன்புளுயன்ஸ்தான்.

வெள்ளைக்காரர்களும் நம்மைப் போலத்தான் இருந்தார்கள் என்பதற்கு இதைவிட என்ன ருஜு வேண்டும்? "லூனடிக்" என்றால் பைத்தியம். சந்திரன் பிடித்தவன் என்பது அதன் மூலப் பொருள். "டிசாஸ்டர்" என்றால் பேராபத்து. கெட்ட நக்ஷத்திரம் என்பது மூலம். ஆனால் அவர்கள் வார்த்தையை வைத்துக்கொண்டு நம்பிக்கையைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். பெரும்பாலும் என்றுதான் சொல்லுகிறோம். அங்கேயும் பத்திரிகையில் ராசிபலன் பார்க்கிற புத்திசாலிகள் இன்றும் இருக்கிறார்கள்.

இந்த வார்த்தைக்கு ஒரு தம்பி உண்டு. அதுதான் இன்புளுயன்ஸா என்னும் காய்ச்சல். இத்தாலியில் ஊரோடு ஜனங்கள் காய்ச்சலில் விழுந்தபோது, காரணம் தெரியாமல், இது நக்ஷத்திரங்களின் பாய்ச்சல் என்று முடிவு கட்டி அப்பெயரை வைத்தார்கள். 1743-ல் அங்கே பரவிய நோயோடு அப்பெயர் இங்கிலீஷுக்கும் வந்தது. 1918-ல் இதே நோய் இந்தியாவுக்கு வந்து ஒரு கோடிக்கு மேற்பட்ட ஜனங்களைக் கொன்றது. கடைசியாக 1933-ல் லண்டனில் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா என்ற மூவர், நோயாளியின் தொண்டையைக் கழுவிய நீரிலிருந்து இக்கிருமியைப் பிரித்தெடுத்தார்கள். மூக்குச் சளியிலும் தும்மலிலும் இருந்த ஒன்றை மனிதன் எத்தனை நூற்றாண்டுகள் ஆகாயத்தில் தேடிக்கொண்டிருந்தான் பாருங்கள்! ஆகாயத்தைப் பார்த்தவரைக்கும் மருந்து கிடைக்கவில்லை. மூக்கைப் பார்த்த பிறகுதான் தடுப்பூசி கிடைத்தது.

சனிக்கு வருவோம். சனி சூரியனிடமிருந்து சுமார் 140 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அது ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய 29½ வருஷம் ஆகிறது. ஒரு ராசிக்கு இரண்டரை வருஷம் என்பது ஜோசியர் கணக்கு. ஏழரை என்றால் மூன்று ராசி. பன்னிரண்டு ராசியில் எந்த நேரத்திலும் மூன்று ராசிக்காரர்களுக்கு ஏழரைச் சனி நடந்தே ஆக வேண்டும். அதாவது நாலில் ஒருவர். இந்தியாவில் 140 கோடி ஜனங்கள் என்று வைத்துக்கொண்டால், இந்த நிமிஷத்தில் சுமார் 35 கோடிப் பேருக்கு ஏழரைச் சனி! இந்த 35 கோடியில் லாட்டரி விழுந்தவனும் இருப்பான், மந்திரியானவனும் இருப்பான், பரிகாரம் செய்து வைக்கிற ஜோசியரும் இருப்பார். "அவருக்கு நடந்தால் அவர் யாருக்குக் காசு கொடுக்கிறார்?" என்று பையனைக் கேட்டோம். அவன் சிரித்தான். தகப்பனார் சிரிக்கவில்லை. சங்கிலி அடகிலிருக்கும்போது சிரிப்பு வருமா?

சந்திரன் கடலை இழுக்கிறதே, அது இன்புளுயன்ஸ் இல்லையா என்று சிலர் கெட்டிக்காரத்தனமாகக் கேட்பதுண்டு. வாஸ்தவம். ஆனால் அது எல்லோருடைய கடலையும் ஒன்றுபோல இழுக்கிறது. மீன ராசிக்காரன் படகை மட்டும் தனியாக இழுப்பதில்லை. தட்சிணை வைத்தால் விடுவதுமில்லை.

இனித் தரகர் வியாபாரத்தைக் கவனியுங்கள். இதில்தான் நம் ஜனங்கள் அதிகமாக ஏமாறுகிறார்கள். அவர் இந்த ஒருவரிடம் மட்டுமா வாங்கியிருப்பார்? இருபது பேரிடம் வாங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். வாங்கின பிறகு அவர் யாரையும் போய்ப் பார்ப்பதில்லை. வீட்டில் படுத்துத் தூங்குகிறார். முடிவு வருகிறது. இருபதில் நாலு பிள்ளைகள் தங்கள் சொந்த மார்க்கினாலேயே தேறிவிடுகிறார்கள். அந்த நாலு குடும்பமும் மாலையோடு வந்து பாக்கிப் பணத்தையும் கொடுத்துவிட்டுப் போகிறது. மற்றப் பதினாறு பேரிடமும், "இந்தத் தடவை மேலே போட்டி பலம், உங்கள் பணம் எனக்கு வேண்டாம்" என்று செலவு போக மீதியைத் திருப்பிக் கொடுக்கிறார். ஆக, நாலு பேர் வாயில் அவர் செல்வாக்குள்ளவர், பதினாறு பேர் வாயில் அவர் யோக்கியர். அடுத்த வருஷம் நாற்பது பேர் வருவார்கள். இராத்திரி முழுதும் கண் விழித்துப் படித்தவன் பையன். பெயரும் பணமும் தரகருக்கு. ஜோசியரும் இதே வியாபாரம்தான் செய்கிறார். ஆனால் அவர் பதினாறு பேருக்கும் திருப்பிக் கொடுப்பதில்லை. அந்த மட்டில் தரகரே மேல் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

நிஜமாகவே மேலே ஆள் வைத்திருக்கிற தரகர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள், இல்லை என்று நாம் சாதிக்கவில்லை. நம் பாஷையில் இதற்குச் செல்வாக்கு என்று பெயர். செல்லுகிற வாக்கு. யாருடைய வாக்கு இந்த நாட்டில் செல்லுபடியானது, யாருடைய வாக்கு செல்லாக்காசாக இருந்தது என்பதைப் பிறப்பே தீர்மானித்து வந்தது. கலெக்டர் கச்சேரியில் ஒரு ஜாதிக்காரருக்கு மாமனும் மச்சானும் சித்தப்பனும் உட்கார்ந்திருக்கும்போது, அவர் மகனுக்கு இன்புளுயன்ஸ் என்ற வார்த்தையே தேவைப்படாது. அது வீட்டுக் காற்றோடு உள்ளே பாய்ந்துவிடும். அதனால்தான் சுப்பராயன் மந்திரிசபை காலத்தில், முத்தையா முதலியார் முயற்சியால், வகுப்புவாரி உத்தரவு அமுலுக்கு வந்தது. 12 உத்தியோகத்தில் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறிஸ்தவர் ஆங்கிலோ இந்தியருக்கு 2, ஆதிதிராவிடருக்கு 1 என்று வகுத்தார்கள். அந்த ஒன்று போதாது என்பது நமது அபிப்பிராயம். அது வேறு விஷயம். அந்த உத்தரவு 1951-ல் சுப்ரீம் கோர்ட்டில் செல்லாமல் போய், அதே வருஷம் அரசியல் சட்டத்தையே முதல் தடவையாகத் திருத்த நேர்ந்தது. ஒதுக்கீட்டால் திறமை போச்சு என்று அழுகிறவர்கள், சிபாரிசால் திறமை போச்சு என்று ஒரு நாளாவது அழுததை நீங்கள் பார்த்ததுண்டா?

சட்டக்காரர்களும் இந்த வார்த்தையை நன்றாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள். 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 16-வது பிரிவில் "அன்டியூ இன்புளுயன்ஸ்" என்று ஒன்று இருக்கிறது. ஒருவனுடைய மனத்தை அடக்கி ஆளக்கூடிய நிலையில் இருப்பவன், அந்த நிலையை உபயோகித்து அநியாயமாக லாபம் அடைந்தால், எழுதி வாங்கிய பத்திரம் ரத்தாகும். 1890-ல் அலகாபாத் ஹைகோர்ட்டில் ஒரு வழக்கு. மறு உலகத்தில் ஆத்மா கடைத்தேற வேண்டும் என்று ஒரு கிழவர் தம் சொத்து முழுவதையும் குருவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். குருவுக்குச் சீடன் மனத்தின் மேல் இருந்த பிடியே காரணம் என்று கண்டு கோர்ட்டு அதைத் தள்ளிற்று. தேர்தல் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. இன்னாருக்கு ஓட்டுப் போடாவிட்டால் தெய்வக் குற்றம் வரும் என்று வாக்காளரை நம்பவைப்பது 1920-லிருந்தே குற்றம். 1951-ம் வருஷத்துச் சட்டத்திலும், 2024-ல் அமுலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா 171-வது பிரிவிலும் அதுவே. ஓட்டுச் சீட்டுக்குத் தெய்வக் கோபத்தைக் காட்டினால் குற்றம், உண்டியலுக்குக் காட்டினால் பக்தி! இந்த வித்தியாசத்தை யாராவது வக்கீல் தோழர்கள் நமக்கு விளக்கினால் வந்தனமளிப்போம்.

தரகருக்கும் ஒரு பிரிவு தயாராக இருக்கிறது. லஞ்ச ஒழிப்புச் சட்டத்தில் 2018-ல் 7ஏ என்று ஒன்று சேர்த்தார்கள். சர்க்கார் ஊழியரைத் தன் சொந்த இன்புளுயன்ஸால் முறைதவறி நடக்கச் செய்கிறேன் என்று பணம் வாங்குகிறவனுக்கு 3 வருஷம் முதல் 7 வருஷம் வரை தண்டனை. அவன் தானே ஊழியனாக இருக்க வேண்டியதில்லை. அதே 2018 திருத்தத்தால் கொடுப்பவனும் வசமாக மாட்டிக்கொள்வான் என்பதையும் அந்தத் தகப்பனாரிடம் ஒளிக்காமல் சொன்னோம். அவர் முகம் வெளுத்துவிட்டது. பயமுறுத்துவது நமது நோக்கமல்ல. ஆனால் உண்மையை மறைத்து ஆறுதல் சொல்லும் வேலையை நாம் ஜோசியருக்கே விட்டுவிட்டோம்.

மறுநாள் மூவருமாகத் தரகர் வீட்டுக்குப் போனோம். சண்டை போடவில்லை. 7ஏ பிரிவைத் தமிழில் எழுதிக் கொண்டு போய்ப் படித்துக் காட்டி, "மேலே யாரைப் பார்த்தீர்கள்? பெயரைச் சொல்லுங்கள், அவரையே கேட்டுக் கொள்ளுகிறோம்" என்று மட்டும் கேட்டோம். காப்பி வந்தது. பெயர் வரவில்லை. சாயங்காலம் 42,000 ரூபாய் வந்தது. மீதி எட்டாயிரம் "செலவாகிவிட்டதாம்." சங்கிலியை மீட்க அந்த எட்டாயிரத்தையும் வட்டியையும் தகப்பனார் ஒரு கன்றுக்குட்டியை விற்றுச் சரிக்கட்டினார்.

திரும்பி வரும் வழியில் அவர் ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, நாளைக்குப் பையனுக்கு வேலை கிடைத்துவிட்டால், ஜோசியர் பரிகாரம் பலித்துவிட்டது என்றுதானே ஊர் சொல்லும்?" என்றார். நல்ல கேள்வி. நாம் யோசிப்பதற்குள் பையன் சொன்னான்: "அப்பா, முடிவு வருவதற்கு முன்னாலேயே அவரிடம் போவோம். வேலை கிடைக்காவிட்டால் 6,000 ரூபாயையும் திருப்பித் தருகிறேன் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கச் சொல்வோம்."

அப்படியே போய்க் கேட்டிருக்கிறார்கள். சீட்டு எழுதுவதற்கு நல்ல நாள் பார்த்துச் சொல்லுவதாக ஜோசியர் பதில் சொன்னாராம். இன்றோடு மூன்று வாரம் ஆகிறது. நல்ல நாள் இன்னும் வரவில்லை.