நுரை இல்லாத நுரையீரல்

பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889-இல் திறந்துவிட்டது. பக்கத்திலேயே மருத்துவக் கல்லூரி தொடங்கத்தான் காசில்லை. நிறுவனர் விட்டுச்சென்ற ரயில்வே பங்குகள் படுத்துவிட்டன. அறங்காவலர்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரத்தில், அதே ரயில்வே கம்பெனியின் தலைவராக இருந்தவரின் மகள் மேரி எலிசபெத் காரெட் முன்வந்தார். மூன்று லட்சம் டாலருக்கு மேல் தருகிறேன், ஆனால் ஆண்களைச் சேர்க்கும் அதே தகுதியில் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்றார். வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார்கள். 1893-இல் அமர்ந்த முதல் வகுப்பில் 18 பேர். அவர்களில் மூவர் பெண்கள். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொள்ள 1945 வரை ஆயிற்று.

குறைமாதக் குழந்தைகளைப் பற்றிப் பேச வந்த இடத்தில் இந்தப் பழங்கதை எதற்கு? காரெட் காசு கொடுத்துத் திறக்கவைத்த அந்தக் கதவு வழியாகத்தான் மேரி எலன் ஏவரி மருத்துவரானார், 1952-இல்.

நியூ ஜெர்சியின் கேம்டனில் 1927-இல் பிறந்தவர் ஏவரி. பக்கத்து வீட்டு எமிலி பேகன் குழந்தை மருத்துவர். பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர். நம் நாட்டின் ஆரம்பகாலப் பெண் மருத்துவர் ஆனந்திபாய் ஜோஷி 1886-இல் பட்டம் பெற்றது அந்தக் கல்லூரியில்தான். ஏவரி முதன்முதலாக ஒரு குறைமாதக் குழந்தையைப் பார்த்ததும் பேகன் அழைத்துப்போய்த்தான். ஒரு பெண் மருத்துவர் பக்கத்து வீட்டில் இருப்பதே அந்தக் காலத்தில் பெரிய பாடம். பட்டம் வாங்கிய சூட்டோடு ஏவரியைக் காசநோய் பிடித்தது. நுரையீரல் மீது அவருக்கு ஆர்வம் மூண்டது அதிலிருந்துதான்.

அப்போது அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 10,000 பச்சிளங்குழந்தைகள் ஒரே விதமான மூச்சுத்திணறலில் இறந்துகொண்டிருந்தார்கள். பிறந்தவுடன் அழுத குழந்தை, சில மணி நேரத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் முனகத் தொடங்கும். விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்வாங்கும். உதடு நீலம் பாரிக்கும். பிரேதப் பரிசோதனையில் நுரையீரலின் காற்று நுண்ணறைகளுக்குள் பளபளப்பான ஒரு சவ்வு தெரியும். அந்தச் சவ்வுதான் உயிரைக் குடிக்கிறது என்று மருத்துவ உலகம் நம்பிக்கொண்டிருந்தது.

பாஸ்டனில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஏவரியின் கண்ணில் பட்டது வேறு. இறந்துபோன இந்தக் குழந்தைகளின் நுரையீரலில் நுரையே இல்லை. வேறு காரணங்களால் இறந்தவர்களின் நுரையீரலிலோ நுரை கலையாமல் நின்றது. வந்து சேர்ந்த சவ்வு இருக்கட்டும், இருக்கவேண்டிய எது இல்லாமல் போயிற்று என்று கேட்டார் அவர். நுரையீரல் திரவத்தின் பரப்பு இழுவிசையை அளக்கத் தெரிந்த ஜான் கிளெமென்ட்ஸைத் தேடி மேரிலாந்துக்குப் போனார். அளக்கும் முறையைப் பழகிக்கொண்டு திரும்பினார். அளந்து பார்த்தால், நோயில் இறந்த குழந்தைகளிடம் இழுவிசை மிக அதிகம். அதைத் தணிக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருள், கொழுப்பும் கொஞ்சம் புரதமும் சேர்ந்தது, அவர்களுக்குப் போதிய அளவு ஊறவில்லை. அது இல்லையென்றால் மூச்சு விடும்போதெல்லாம் நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளும். புது பலூனை முதல் தடவை ஊதும் சிரமம், அந்தக் குழந்தைக்கு ஒவ்வொரு மூச்சிலும். ஆய்வாளர் ஜெரி மீடுடன் சேர்ந்து 1959-இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

காரணம் தெரிந்தது, மருந்து இல்லை. 1963 ஆகஸ்டில் அதிபர் கென்னடியின் மகன் பாட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, 39 மணி நேரத்தில் இதே நோயில் இறந்தான். நியூசிலாந்தின் லிக்கின்ஸும் ஹோவியும், குறைமாதத்தில் வலி கண்ட தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் வேகமாக முதிர்கிறது என்று 1972-இல் காட்டினார்கள். ஜப்பானின் புஜிவாரா 1980-இல் மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்டை 10 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டார். 1990-இல் அமெரிக்க அரசு முதல் சர்ஃபாக்டன்ட் மருந்துக்கு அனுமதி தந்தது.

இதற்கிடையில், 1974-இல் ஏவரி பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் தலைமை மருத்துவரானார். ஹார்வர்டில் ஒரு மருத்துவத் துறைக்குத் தலைமையேற்ற முதல் பெண் அவர். அந்த நாற்காலியில் உட்கார்ந்தும் கேள்வி கேட்பதை அவர் நிறுத்தவில்லை. எட்டு மருத்துவமனைகளை ஒப்பிட்டு 1987-இல் அவர் வெளியிட்ட ஆய்வில், குறைமாதக் குழந்தைகளிடம் நாள்பட்ட நுரையீரல் நோய் மிகக் குறைவாக இருந்த இடம் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவமனை. அங்கே தைவானிலிருந்து வந்த மருத்துவர் ஜென்-டியென் வுங், தொண்டைக்குள் குழாய் இறக்க அவசரப்படாமல், மூக்கு வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்றுக் கொடுத்து வந்தார். வெளிநாட்டிலிருந்து வந்தவரின் முறையே சிறந்தது என்பதைத் தன் மருத்துவமனையின் எண்களையும் பக்கத்தில் வைத்து ஏவரி ஊரறியச் சொன்னார். இந்த வரலாற்றில் மனம் நிறைந்து பாராட்ட வேண்டிய இடம் இது.

ஆனால் காரெட் திறந்த கதவு எல்லோருக்கும் திறக்கவில்லை. ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் கறுப்பின மாணவர்கள் முதன்முதலாகப் பட்டம் பெற்றது 1967-இல். அந்த நீண்ட புறக்கணிப்பு கருவிகளிலும் படிந்திருக்கிறது. விரலிலோ குழந்தையின் பாதத்திலோ மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர், கறுப்பின நோயாளிகளின் ஆக்சிஜன் குறைவைக் கவனிக்காமல் விடுவது ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்று 2020-இல் மிச்சிகன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். குறைமாதக் குழந்தைகளிடமும் இந்த வேறுபாடு பின்னர் தெரியவந்தது. அமெரிக்காவின் 2013 வழிகாட்டுதல்படி, ஒரு கருவியைப் பத்தே பேரிடம் சோதித்தால் போதும் என்றிருந்தது. அவர்களில் கருமை நிறத்தவர் இருவர் இருந்தாலே போதுமாக இருந்தது. 2025 ஜனவரி வரைவுதான் அதை 150 பேராக உயர்த்தச் சொன்னது.

நம் ஊர்ப் பச்சிளங்குழந்தைகள் பிரிவுகளிலும் குழந்தையின் பாதத்தில் மின்னுவது இந்தக் கருவிதான். வாங்கும்போதே, எங்கள் தோல் நிறத்தில் எத்தனை பேரிடம் சோதித்தீர்கள் என்று நம் மருத்துவமனைகள் கேட்க வேண்டும்.